49-வது மணி நேரம்: தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையிலும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் நீங்கள் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இல்லையென்றால் என் தம்பி இன்றைக்கு உயிரோடு இருந்திருக்க மாட்டான். சாலையில் அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம், காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்று எதையும் கேட்காமல் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் என்பது வெறும் விளம்பர வாசகம் இல்லை, எங்கள் வீட்டில் நடந்தது. 108 வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், மூளைமேல் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள், வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டில் ஒரு துண்டைக் கழற்றி அதை அவன் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள் (அந்த எலும்பு கெட்டுப் போகாமல் இருக்க அதுதான் நல்ல இடமாம்), சில மாதம் கழித்து அதை எடுத்துப் பழைய இடத்தில் பொருத்தினார்கள். பணம் கட்டச் சொல்லி யாரும் எங்களைத் துரத்தவில்லை.

என் சண்டை 49-வது மணி நேரத்தில் தொடங்குகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மறுநாளில்.

தலையில் அடிபடுவதில் இரண்டு கட்டம் உண்டு, இது உங்கள் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடிபட்ட நொடியில் கிழிந்தது, நசுங்கியது, அறுந்தது எல்லாம் முதல் கட்டம். அதை எந்த அறுவை சிகிச்சையும் திருப்பித் தராது. அதற்கப்புறம் வரும் மணிநேரங்களில் மூளை வீங்கும், ரத்தம் கசியும், பிராணவாயு குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், தப்பித்திருந்த செல்களும் அதில் சாகும். இரண்டாவது கட்டம் இது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு ஒரே ஒரு தடவை 90-க்குக் கீழே இறங்கினாலும் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்கிறார்கள். அடிபட்டதும் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு 'ஒண்ணுமில்லை, போலாம்' என்று சொன்னவர் கொஞ்ச நேரத்தில் நினைவிழந்து விழுகிற கதையும் ஒவ்வொரு ஊரிலும் கேட்டிருப்பீர்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் மெதுவாகச் சேருகிறபோது அப்படித்தான் நடக்கும். இந்த இரண்டாவது கட்டத்தைப் பிடித்து நிறுத்தத்தான் உங்கள் 48 மணி நேரக் கணக்கு. அது அறிவியல்படி சரியான கணக்கு, அதில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. அது மணிக்கணக்கில் முடியாது, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் போகும். அதற்குப் பெயர் வைத்த திட்டம் எதுவும் இல்லை. மத்திய அரசு 2025-ல் கொண்டுவந்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் ஒன்றரை லட்சம் ரூபாய், அதிகபட்சம் 7 நாள் என்றுதான் நிற்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவு. அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நாம்தான். செத்தவர்களின் கணக்கு வருடா வருடம் வெளிவருகிறது. தலையில் அடிபட்டு, பிழைத்து, வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கு எங்கே இருக்கிறது?

என் தம்பி வயரிங் வேலை பார்த்தவன். ஹெல்மெட் போட்டிருந்தான், தாடைப் பட்டையை மாட்டவில்லை, அதனால் அது முதலிலேயே கழன்று பறந்துவிட்டது. இப்போது கை கால் நன்றாக இருக்கிறது, நடக்கிறான், பேசுகிறான், சாப்பிடுகிறான். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் 'சாமி காப்பாத்திருச்சு, பழையபடி ஆயிட்டான்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் வீட்டில் பழுதான ஸ்விட்ச் போர்டைக் கழற்றினான். ஸ்க்ரூ கழற்றத் தெரிகிறது, எந்த வயர் எங்கே போக வேண்டும் என்பது தெரிகிறது, ஆனால் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பது வரவில்லை. கேட்டால், 'மெயினை ஆஃப் பண்ணணும்' என்று அவனே சரியாகச் சொல்கிறான். தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் செய்ய வைக்கிற ஏதோ ஒன்று அவனுக்குள் அறுந்திருக்கிறது.

அந்த ஏதோ ஒன்று மூளையின் முன்மடல். தலை வேகமாகப் போய் எதிலாவது மோதி நிற்கும்போது உள்ளே இருக்கும் மூளை உடனே நிற்பதில்லை. அது முன்னால் போய் இடிக்கிறது, சுழல்கிறது. மண்டையோட்டின் உள்ளே அடித்தளம், நெற்றிக்குப் பின்னாலும் கன்னப்பொட்டுக்குப் பின்னாலும், கரடுமுரடான எலும்பு மேடுகள். அதனால் அடி எங்கே பட்டாலும் முன்மடலின் அடிப்பக்கமும் பக்க மடல்களின் முனையும்தான் பெரும்பாலும் சிராய்கின்றன. கூடவே, சுழற்சியில் மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நீளமான நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இது சாதாரண சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. 'ஸ்கேன் நார்மல்' என்று டாக்டர் சொல்லும்போது குடும்பம் 'ஆளும் நார்மல்' என்று எடுத்துக்கொள்கிறது, அங்கிருந்துதான் வீட்டுச் சண்டைகள் ஆரம்பம். ஏன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், ஏன் மத்தியானம் வரை படுத்தே கிடக்கிறான், குக்கர் விசில் அடித்தால் ஏன் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான், மூன்று சாமான் வாங்கி வரச் சொன்னால் ஏன் ஒன்றோடு வருகிறான். உடம்பு எடையில் வெறும் 2 சதவீதம் இருக்கிற மூளை உடம்பின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது. அறுந்துபோன பாதைகளைச் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கிற மூளைக்குச் சாதாரணமாக நாலு பேர் பேசுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பதே பெரிய உழைப்பு. அந்தக் களைப்புக்கு எங்கள் தெருவில் வைத்திருக்கிற பெயர் சோம்பேறித்தனம். கோபத்துக்கு வைத்திருக்கிற பெயர் திமிர். ஒரு பெரியம்மா மந்திரிக்கக் கூட்டிப்போகச் சொன்னார்.

வாசனை தெரியாமல் போவதும் அப்படித்தான். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் சல்லடை மாதிரியான ஓர் எலும்பின் ஓட்டைகள் வழியாகப் போகின்றன, மூளை உள்ளே ஆடும்போது அவை அறுந்துவிடும். அவனால் கேஸ் கசிவை முகர முடியாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டைக் குறை சொல்கிறான் என்று அம்மா ரொம்ப நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

மூளைக் காயம் பற்றிப் படிப்பவர்கள் எல்லோரும் ஃபினியஸ் கேஜ் என்ற அமெரிக்கரிடம் வந்து நிற்பார்கள். 1848 செப்டம்பரில் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை வெடிக்கும்போது, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான, ஏறக்குறைய ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் கீழே நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. பிழைத்தார். ஆனால் பொறுப்பான மேஸ்திரியாக இருந்த மனிதர் முரடராக, எதிலும் நிலைக்காதவராக மாறினார், 'இது பழைய கேஜ் இல்லை' என்று கூட்டாளிகள் சொன்னார்கள் என்பதோடு பாடப் புத்தகம் முடிந்துவிடும். மீதிக் கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய் ஏழு வருடம் போல இருந்தார், வால்பரைசோவுக்கும் சாண்டியாகோவுக்கும் நடுவே குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகள் பூட்டிய வண்டி, பயணிகள், நேரத்துக்குக் கிளம்பணும், புது மொழி. தினமும் ஒரே ஒழுங்கில் வந்த அந்த வேலையே அவரை ஓரளவு மீட்டிருக்க வேண்டும் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் வாதிடுகிறார்கள். 1860-ல் வலிப்பு வந்துதான் செத்தார். மூளைக் காயத்துக்குப் பிறகு வலிப்பு வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம், மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. இதையும் நாங்கள் தெரிந்துகொண்டது அடுத்த கட்டில்காரர் வீட்டம்மாவிடம்.

அடிபட்டபோது கேஜுக்கு வயது 25. என் தம்பிக்கு அதைவிடக் குறைவு. இந்த வயசு விஷயத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கரு உருவாகி நாலு வாரத்துக்குள், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாத நாட்களில், மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகிற குழாய் மூடிவிடுகிறது. அதற்காகத்தான் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே சாப்பிடச் சொல்கிறோம். பிறந்த குழந்தையின் மூளை 350, 400 கிராம் இருக்கும், ஆறு வயதுக்குள் பெரியவர்கள் மூளையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். ஆனால் அளவு எட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. தேவையில்லாத இணைப்புகளைக் கழிப்பது, தேவையானவற்றுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போட்டு வேகமாக்குவது எல்லாம் பின்மண்டையில் தொடங்கி மெல்ல முன்னால் வருகிறது, முன்மடலுக்கு வந்து சேர 25 வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, ஆபத்தை எடைபோடுவது எல்லாம் முழுசாகப் பழுக்காத வயதில் நம் பிள்ளைகள் பைக்கில் ஏறுகிறார்கள், அந்த வயதில் அடிபடுகிறார்கள், அடி பெரும்பாலும் அந்த இடத்திலேயே படுகிறது. சம்பாதிக்க ஆரம்பித்த, கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற வயது. இன்னும் நாற்பது வருடமாவது அந்த மூளையோடு வாழ வேண்டியவர்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு தப்பெண்ணம் உண்டு: 'சின்ன வயசு, சீக்கிரம் தேறிடுவான்'. பேச்சுப் பகுதியில் மட்டும் காயம்பட்ட குழந்தைக்கு மூளையின் வேறு பகுதி அந்த வேலையை எடுத்துக்கொள்வதெல்லாம் உண்மைதான். ஆனால் மூளை முழுக்கப் பரவிய காயத்தில் சின்ன வயது ஒரு பாதுகாப்பே இல்லை. ரெண்டாம் வகுப்பில் அடிபட்ட பிள்ளை அப்போது நன்றாக இருப்பது போலத் தெரியும், ஏழாம் வகுப்பில் தானாகத் திட்டமிட்டுப் படிக்க வேண்டி வரும்போதுதான் குறை வெளியே வரும். அதற்குள் பழைய விபத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள், பிள்ளைக்கு மக்கு என்று பெயர் வந்திருக்கும். விபத்தில் தலையில் அடிபட்டுச் சேர்க்கப்படும் ஒவ்வொரு பள்ளிக் குழந்தையைப் பற்றியும் பள்ளிக்கு ஒரு கடிதம் போக வேண்டும், அது அந்தக் குழந்தையின் பதிவேட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்க வேண்டும். இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

சரி, மூன்றாவது கட்டத்தில் என்னதான் செய்ய முடியும்? இறந்த நரம்பு செல்லைத் திருப்பி முளைக்க வைக்க மருந்து கிடையாது, அப்படி விளம்பரம் செய்கிறவர்களை நம்பிப் பணத்தைக் கொட்டிய குடும்பங்களையும் எனக்குத் தெரியும் (அவர்களை நீங்கள் எப்போது பிடிப்பீர்கள் என்பது தனி மடலுக்கான விஷயம்). ஆனால் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கிற மூளையில், தப்பித்த செல்கள் தங்களுக்குள் புது இணைப்புகளைப் போட்டுக்கொள்ளும். ஆத்துப் பாலம் உடைந்தால் வண்டிகள் ஊருக்குள் சுற்றிப்போய், போகப் போக அந்தச் சந்தே ரோடாகிவிடுகிற மாதிரி. ஒன்றுதான், அந்தச் சந்தில் வண்டி ஓட வேண்டும். சும்மா படுத்திருந்தால் பாதை வராது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப, நிஜ வாழ்க்கையில் செய்கிற மாதிரியே, ஒவ்வொரு நாளும் செய்ய வைத்தால்தான் வரும். வேகமான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில், அதற்கப்புறம் மெதுவாக வருடக்கணக்கில். அந்த ஆறு மாதத்தில்தான் எங்களை மாதிரிக் குடும்பங்கள் ஆளை ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்து 'ரெஸ்ட் எடு' என்கிறோம், ஏனென்றால் வேறு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இது நம் ஊருக்குத் தெரியாத வித்தையும் இல்லை. மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார், அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை நடத்தினார், 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுக்கப்பட்ட கையில் வலிக்கிறது என்று துடித்தவர்களுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை நடுவில் வைத்து நல்ல கையின் பிம்பத்தைக் காட்டியே மூளையை ஏமாற்றி வலியைக் குறைத்தவர். அதே கண்ணாடி முறை இன்று பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. சென்னை கே.கே. நகரில் உங்களுடைய அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமே இருக்கிறது. ஆனால் மாவட்டத்தில் கடைசி கிராமத்தில் இருப்பவர், பஸ் சத்தத்தையே தாங்க முடியாத தலையோடு, வாரம் மூன்று தடவை சென்னைக்கு எப்படி வருவார்?

இங்கேதான் உங்கள் கையில் ஏற்கனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார், நல்ல பெண், தம்பியை நடக்க வைத்தது அவர்தான். அவன் நடக்க ஆரம்பித்ததும் 'இனி எனக்கு வேலை இல்லை அக்கா' என்று சொல்லிவிட்டுப் போனார், அவர் படிப்புக்கு அது சரிதான். ஆனால் அங்கேதான் அடுத்தவர் வந்திருக்க வேண்டும்: ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் அன்றாட வேலைகளுக்கும் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர். எல்லா ஊருக்கும் எல்லோரையும் அனுப்ப ஆள் இல்லை என்பீர்கள், புரிகிறது. மாவட்டத்துக்கு ஒரு குழு இருக்கட்டும், மாதம் ஒரு தடவை வந்து குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், நடுவில் அந்த பிசியோதெரபிஸ்டும் அம்மாவும் அதைச் செய்வார்கள். சுவரில் ஒட்டிய வரிசைப் பட்டியல், போனில் அலாரம், ஒரே நேரத்தில் ஒரே வேலை: நாங்கள் இதையெல்லாம் யூடியூபில் பார்த்துத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டோம். இப்போது தம்பி ஒரு ஹார்டுவேர் கடையில் மத்தியானம் வரை போகிறான், முதலாளி பொறுமைசாலி, அது எங்கள் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அடுத்தது மாற்றுத்திறனாளிகள் துறைக்கு. 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. விபத்தால் வரும் மூளைக் காயம் அதில் தனியாக இல்லை. நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதன் கீழே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் பார்க்கின்சனும் பெயரோடு நிற்கின்றன. சான்றிதழ் முகாமில் தம்பியிடம் கையைத் தூக்கு, நட, பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகச் செய்தான், சொன்னான். 'நல்லாத்தானே இருக்காரு, கூட்டிட்டுப் போங்க' என்றார்கள். மெயினை அணைக்காமல் வயரைப் பிடிக்கிறான் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கை காலில் குறை இல்லை, அறிவு மட்டத்தில் பெரிய வீழ்ச்சி இல்லை, மனநோய் என்று எழுதினால் குடும்பம் பயப்படுகிறது. குறைபாடு 40 சதவீதத்தை எட்டாமல் சலுகை எதுவும் இல்லை. அரசு வேலையில் இருப்பவருக்கு இப்படி நேர்ந்தால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தின் 20-வது பிரிவு காப்பாற்றுகிறது. தினக்கூலி வயர்மேனுக்கு அந்தப் பிரிவு என்ன செய்யும்?

அந்தப் பட்டியலில் புது வகையைச் சேர்க்க மத்திய அரசால்தான் முடியும், அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தமிழ்நாடு எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். அது வருவதற்குள் மாவட்ட மருத்துவக் குழுக்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப உங்களால் முடியும்: தலையில் அடிபட்டவர் வந்தால் அவரிடம் மட்டும் கேட்காதீர்கள், தன் குறை தனக்கே தெரியாமல் இருப்பதும் இந்தக் காயத்தின் ஒரு பகுதி, கூட வந்த அம்மாவிடமோ மனைவியிடமோ தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள், ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் செயல்திறனுக்கும் பரிசோதனை செய்யாமல் திருப்பி அனுப்பாதீர்கள்.

கடைசியாக, நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று. நியூரோ வார்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் தமிழில் ஒரே ஒரு பக்கம். வாந்தி, அதிகமாகும் தலைவலி, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமை என்றால் உடனே 108. வலிப்பு மாத்திரையை நிறுத்தாதே. வாசனை தெரியாமல் போயிருக்கலாம், கேஸ் கவனம். கோபம் வரும், களைப்பு வரும், மறதி வரும், அது நோய், குணம் இல்லை. சாராயம் கூடாது. டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது, இரண்டாவது அடி மோசமானது. இந்தப் பயிற்சிகளை இன்றே தொடங்கு, இந்த எண்ணுக்குக் கூப்பிடு. எங்களுக்குக் கொடுத்த தாளின் நகல் வேண்டுமானால் அனுப்புகிறேன்; அதில் மாத்திரைகளின் பெயர், தையல் பிரிக்கும் தேதி, அடுத்து வரவேண்டிய தேதி மூன்றும் இருக்கின்றன, மூன்றும் ஆங்கிலத்தில்.

இப்படிக்கு,
தலையில் அடிபட்ட ஒருவனின் அக்கா